மணி, ஜூலி, டைகர்: நாய்களின் குணம் உண்மையா, நம் நினைவு ஏற்றிச் சொல்வதா?

உங்கள் வீட்டில் 1989 முதல் 2021 வரை அடுத்தடுத்து வளர்ந்த மணி, ஜூலி, டைகர் என்ற மூன்று நாய்களைப் பற்றி உங்கள் மகளுக்காக எழுதிவைக்க உட்கார்ந்ததாகவும், அதற்காக அண்ணனிடம் பேசியபோது இருவருடைய நினைவும் ஒத்துப்போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜூலி கோபக்காரி என்பது உங்கள் நினைவு. அவளைப் போலச் சாதுவான நாயைப் பார்த்ததே இல்லை என்பது அண்ணனின் நினைவு. நாய்களுக்கு உண்மையிலேயே தனித்தனிக் குணம் உண்டா, அல்லது அவை போன பிறகு நாமாக ஏற்றிச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அப்பாவும் இல்லாமல் போய்விட்ட நிலையில், யாருடைய நினைவை நம்பி எழுதுவது என்பதுதான் அது. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் சில சிறு செய்திகளே பாதிப் பதிலை வைத்திருக்கின்றன.

நான் வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து 1983இல் வெளியே வந்தவன். அதன் பிறகு 35 ஆண்டுகள் தென்மாவட்டங்களின் கால்நடை மருந்தகங்களில் பணியாற்றினேன். பகலெல்லாம் மாடும் ஆடும்தான். நாய்களைப் பெரும்பாலும் மாலையில்தான் கொண்டுவருவார்கள். தொடக்க காலத்தில் வெறிநாய்த் தடுப்பூசிக்காக மட்டுமே நாயைக் கூட்டி வந்த குடும்பங்கள், பின்னாட்களில் அது ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் பதறிக்கொண்டு வந்ததை என் கண்முன்னே பார்த்தேன். ஒரே நாயைக் குட்டியாகவும், நடுவயதிலும், கிழமாகவும் பார்க்கும் வாய்ப்பு ஊர் மருத்துவருக்குக் கிடைக்கிறது. அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். நான் நடத்தை ஆராய்ச்சியாளன் அல்லன். உங்கள் மூன்று நாய்களில் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆகவே அவற்றைப் பற்றி நான் சொல்வதில் எது உறுதி, எது ஊகம் என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

நாய்களுக்குத் தனித்தனிக் குணம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஒரே ஈற்றில் பிறந்த ஆறு குட்டிகளை ஆறு வாரத்தில் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஊசி போடும்போது ஒன்று கத்தி ஊரைக் கூட்டும், ஒன்று ஊசியையே கவனிக்காமல் என் கைக்கடிகாரத்தை நக்கும், ஒன்று கூடையின் மூலையை விட்டு வெளியே வராது. இவற்றை யாரும் இன்னும் வளர்க்கவில்லை. யாரும் கதை கட்டவும் தொடங்கவில்லை. ரஷ்யாவின் பாவ்லோவ் தம் ஆய்வுக்கூடத்து நாய்கள் ஒரே பயிற்சிக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதைக் கண்டு, அவற்றின் நரம்பு மண்டலத்தையே வகைகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. உங்கள் கேள்வியை நேராகவே தொட்ட ஆய்வு 2003இல் அமெரிக்காவில் சாமுவேல் காஸ்லிங் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் செய்தது. நாயை வளர்ப்பவர் அதன் குணத்தைப் பற்றிச் சொன்னதையும், அந்த நாயை அறிந்த இன்னொருவர் சொன்னதையும், நாயையே அறியாத அன்னியர்கள் அதன் நடவடிக்கையைப் பார்த்துச் சொன்னதையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். மனிதர்களைப் பற்றி இப்படிக் கேட்டால் எந்த அளவுக்கு விடைகள் ஒத்துப்போகுமோ, ஏறக்குறைய அந்த அளவுக்கு அவை ஒத்துப்போயின. எல்லாம் வளர்ப்பவரின் கற்பனை என்றால், பாசம் எதுவும் இல்லாத அன்னியருடைய கண்ணுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இனத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மணி நாட்டு நாய் என்பதால் சாது, ஜூலி பொமரேனியன் என்பதால் கோபக்காரி என்று உங்கள் வீட்டில் பேசிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வகைப் பேச்சை நான் தினமும் கேட்டவன். ராஜபாளையம் ஒருவருக்குத்தான் கட்டுப்படும், சிப்பிப்பாறை வேட்டைக்கு, கோம்பை காவலுக்கு என்று எங்கள் பக்கத்தில் குழந்தைகள்கூடச் சொல்லும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாய், ஓடுவதை விரும்பத்தான் செய்யும். ஆனால் 2022இல் எலினார் கார்ல்சன் குழுவினர் 18,385 நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் விவரம் கேட்டு, அவற்றில் 2,155 நாய்களின் மரபணுத் தொகுப்பையும் படித்துப் பார்த்தபோது, ஒரு தனி நாயின் நடத்தை மற்றொன்றிலிருந்து வேறுபடுவதில் சராசரியாக 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்று தெரிந்தது. நாட்டு நாயாகப் பிறந்ததால் மணி சாது என்று எழுதிவிட்டால், மணியிடம் இருந்த அவனுக்கே உரிய ஒன்றை எடுத்து இனத்துக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். (நம் வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். எழுதும்போது ‘வீட்டில் பொமரேனியன் என்று சொல்வோம்’ என்று எழுதினால் போதும். நீங்கள் அழைத்த பெயரும் அந்தக் காலத்தின் பகுதிதான்.)

மணியைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றை மட்டும் மாற்றி எழுதச் சொல்வேன். அப்பா வேலை முடிந்து வரும் நேரத்துக்குக் கால் மணி முன்பே தெருமுனைக்குப் போய் நிற்பான் என்பது முதலாவது. அதை அப்படியே எழுதுங்கள். மூன்று பேர் பார்த்திருக்கிறீர்கள், ஒருவரும் மறுக்கவில்லை. செருப்பைக் கடித்துவிட்டால் தப்பு செய்துவிட்டோம் என்று உணர்ந்து தலைகுனிந்து மூலையில் போய் உட்காருவான், அவனுக்கு மனசாட்சி இருந்தது என்பது இரண்டாவது. தலைகுனிந்தான் என்பது உறுதி. அது குற்றவுணர்வு என்பது உறுதியில்லை. 2009இல் அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து ஓர் எளிய சோதனை செய்தார். தின்னக்கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை, வெளியே போயிருந்த உடையவரிடம் சில முறை உண்மையாகவும் சில முறை மாற்றியும் சொன்னார்கள். குற்றமுள்ள முகம் என்று நாம் சொல்லும் அந்த முகம், தின்ற நாயிடம் கூடுதலாகத் தோன்றவில்லை. திட்டு வாங்கிய நாயிடம் கூடுதலாகத் தோன்றியது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது மிகவும் பளிச்சென்று தெரிந்தது. மணி செருப்பை நினைத்துத் தலைகுனிந்தானா, அம்மாவின் குரலைக் கேட்டுத் தலைகுனிந்தானா என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டாருடைய குரலிலும் முகத்திலும் ஏற்படும் சிறு மாற்றத்தைக்கூட அவன் கூர்ந்து கவனித்தான் என்பதை மட்டும் தாராளமாக எழுதலாம். மனசாட்சி இருந்தது என்பதை விட அது மணிக்குக் குறைவான பெருமை என்று நான் நினைக்கவில்லை.

இனி ஜூலி. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தது இவளுக்காகத்தான். 1999இல் குட்டியாக வந்தவள், 2012இல் இறந்தவள். அண்ணன் 2005இல் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறை சில வாரங்கள் மட்டும் வந்துபோனார். நீங்கள் 2008இல் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்து நெடுநாள் தங்கியிருக்கிறீர்கள்; 2009இல் அவள் உங்கள் கையைக் கடித்திருக்கிறாள். ஆக, அண்ணன் தினமும் பார்த்துப் பழகிய ஜூலிக்கு ஆறு வயதுக்கு மேல் ஆகவில்லை. உங்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்த ஜூலிக்கு ஒன்பது, பத்து வயது. நீங்கள் இருவரும் ஒரே நாயைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், ஆனால் அவளுடைய வாழ்வின் இரண்டு வேறு பகுதிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தப் பத்து வயது ஜூலியைப் பற்றி நீங்கள் சேர்த்திருக்கும் செய்திகளைப் பாருங்கள். சோபாவில் படுத்திருக்கும்போது தொட்டுத் தூக்கினால் உறுமுவாள். மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். எலும்பைக் கொடுத்தால் ஒரு பக்கமாகவே மெல்லுவாள். வாய் நாற்றம் தாங்க முடியாமல் அம்மா அவளை அடுக்களைக்குள் விடுவதில்லை. கடித்தது, நீங்கள் குனிந்து பின்னங்கால் பக்கமாகக் கைகொடுத்துத் தூக்கியபோது.

இதையெல்லாம் ஒருவர் மருந்தகத்தில் வந்து சொல்லியிருந்தால், நாய்க்கு என்ன கோபம் என்று கேட்பதற்கு முன் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்திருப்பேன், பிறகு முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்திருப்பேன். சிறிய உடல்வாகு கொண்ட நாய்களுக்கு ஈறு நோயும் பல் அழுகலும் மிகச் சாதாரணம். முழங்கால் சில்லு இடம் விலகுவதும் இவற்றிடம் அடிக்கடி காணக்கூடியது. அது வருடக்கணக்கில் தேய்ந்து மூட்டு வாதமாக முடியும். வலியுள்ள நாய் எப்போதும் அழுதுகொண்டிராது. பெரும்பாலான நாய்கள் வலியை நடவடிக்கையின் மாற்றமாகத்தான் காட்டுகின்றன. வழக்கமாக ஏறும் படியைத் தவிர்க்கும், வழக்கமாக ஓடி வரும் குரலுக்கு எழுந்திருக்காது, தொட வரும் கையைப் பார்த்து உறுமும். வீட்டில் உள்ளவர்கள் அதை ‘வயசாக ஆகக் கோபம் கூடிவிட்டது’ என்று சொல்லிக்கொள்வார்கள். என்னிடம் அப்படி ‘கோபக்காரன்’ என்று கொண்டுவரப்பட்ட எத்தனையோ நாய்களுக்குக் காதில் சீழ் இருந்தது, பல் ஆடிக்கொண்டிருந்தது, இடுப்பு மூட்டு இறுகியிருந்தது. ஜூலிக்கு வலி இருந்தது என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தொட்டுப் பார்க்காமல் அதைச் சொல்வது மருத்துவமாகாது. ஆயினும் நீங்கள் கொடுத்த அடையாளங்கள் எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. அவளைக் கோபக்காரி என்று உங்கள் மகளிடம் சொல்வதற்கு முன் ஒரு முறை யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அவை வலுவானவை. இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாயைக் கடித்த நாய், அந்தத் தாயின் நினைவில் கடித்த நாயாகத்தான் இருக்கும்.

வயதினால் இயல்பாகவே வரும் மாற்றமும் உண்டு. வியன்னாவில் 217 பார்டர் கோலி நாய்களை, ஆறு மாதக் குட்டி முதல் பதினைந்து வயதுக் கிழம் வரை, ஒரே சோதனைக்கு உட்படுத்தி 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயது ஏற ஏறத் துறுதுறுப்பு குறைகிறது. புதியதை நாடும் ஆவல் ஏறக்குறைய மூன்று வயதுக்குப் பிறகு இறங்குகிறது. ஆனாலும் ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள வேறுபாடு பெருமளவு அப்படியே நிற்கிறது. முதுமையில் சில நாய்களுக்கு மூளைத் தேய்வும் வரும். இரவில் காரணமில்லாமல் நடந்துகொண்டே இருக்கும். பழகிய வீட்டிலேயே கதவின் கீல் பக்கம் போய் நின்று கதவு திறக்கக் காத்திருக்கும். டைகரின் கடைசி ஆண்டைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது, கிட்டத்தட்ட இதை நேரில் பார்த்தது போலவே இருக்கிறது. அந்தக் கடைசி ஆண்டை டைகரின் குணமாக எழுத வேண்டாம்; அது ஒரு நோயின் குணம். (இதை வாசிப்பவர்களில் இப்போது நாய் வளர்ப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை: சாதுவாக இருந்த நாய் ஓரிரு நாட்களுக்குள் திடீரென்று முற்றிலும் வேறு விதமாக நடந்தால், அதற்குக் குணவிளக்கம் தேடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், வெறிநோயும் அப்படித்தான் தொடங்கும். கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.)

டைகரைப் பயந்தாங்கொள்ளி என்று வீடே கேலி செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே கட்டிலுக்கடியில் இருப்பான், குடை விரித்தால் ஓடுவான், தலைக்கவசம் அணிந்த ஆளைக் கண்டால் சிறுநீர் கழித்துவிடுவான். ‘எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் யாரோ அடித்திருக்க வேண்டும்’ என்பது அப்பாவின் கருத்து. அடித்திருக்கலாம். ஆனால் அடி வாங்காமலே ஒரு நாய் இப்படி ஆகும். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதியதை இன்றும் நாங்கள் அடிப்படையாக வைத்திருக்கிறோம். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம்; அந்தக் காலத்தில் கண்டும் கேட்டும் மோந்தும் பழகியவை அதற்கு உலகத்தின் இயல்பான பொருள்களாகிவிடும், பழகாதவை பின்னர் அச்சம் தருபவையாக இருக்கும். டைகர் உங்களிடம் வந்தபோது அவனுக்கு ஐந்து மாதம். ஊருக்கு வெளியே ஆளரவமில்லாத ஒரு கட்டட வேலையிடத்தில் பிறந்தவன். குடையையும் தலைக்கவசத்தையும் பட்டாசையும் காணாமலேயே அந்தக் கதவு அவனுக்கு மூடியிருக்கக்கூடும். ஓசைக்கு அஞ்சும் இயல்பில் பிறவியின் பங்கும் உண்டு. இதில் எது எவ்வளவு என்று டைகரைப் பொறுத்தவரை பிரித்துச் சொல்ல வழியில்லை. நீங்களே எழுதியிருக்கும் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018இல் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று, அடுத்த தெருவில் கோயில் கொடைக்கு வேட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதே, டைகர் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து குளியலறைக் கதவை விட்டு நகராமல் நின்று குரைத்தான். உடல் நடுங்கிக்கொண்டே நின்றான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவன் எதை நினைத்து வந்தான் என்று எனக்குத் தெரியாது. நடுங்கியபடியே வந்து நின்ற நாயைப் பயந்தாங்கொள்ளி என்ற சொல்லில் அடைக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

2001இல் மணி போன பிறகு ஜூலி சில வாரங்கள் சரியாகச் சாப்பிடாமல் அவன் படுக்கும் சாக்கிலேயே படுத்துக் கிடந்தாள் என்பதைத் துக்கம் என்று எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூட இருந்த நாய் இறந்த பின் மற்ற நாய் மாறுகிறதா என்று இத்தாலியில் 426 பேரிடம் கேட்டபோது 86 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அது 2022இல் வெளியானது. வீட்டாரின் கவனத்தை அடிக்கடி நாடுவது, விளையாட்டுக் குறைவது, சாப்பாடு குறைவது, தூக்கம் கூடுவது ஆகியவற்றைச் சொன்னார்கள். ஆனால் சொன்னவர்களும் அப்போது துக்கத்தில் இருந்தவர்களே என்பதை ஆய்வாளர்களும் மறைக்கவில்லை. வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டு, நேரத்துக்குச் சமைக்காமல், நடைக்குக் கூட்டிப்போகாமல் இருந்தால் எந்த நாயும் மாறும். எனக்குத் தனிப்பட்ட முறையில் அவை இழப்பை உணர்கின்றன என்ற நம்பிக்கை உண்டு. அதை நம்பிக்கை என்றே சொல்கிறேன். நீங்கள் அந்தச் சாக்கை எழுதுங்கள். எத்தனை நாள், எந்த மூலை, அவளை எழுப்பச் சோற்றில் என்ன கலந்து வைத்தார்கள் என்பதை எழுதுங்கள். துக்கம் என்ற சொல்லை நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் மகளுக்குப் புரியும்.

இதைத்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் சொல்ல விரும்புகிறேன். சாது, கோபக்காரி, பயந்தாங்கொள்ளி என்பவை நாம் கொடுத்த பட்டங்கள். அவற்றில்தான் நீங்களும் அண்ணனும் மோதிக்கொள்கிறீர்கள், செய்தவற்றில் அல்ல. ஜூலி கடித்ததை அவர் மறுக்கவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரமும் அவர் காலடியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை என்பதை நீங்கள் மறுக்கவில்லை. பட்டத்தை விட்டுச் செயலைப் பிடித்துக்கொண்டால் இருவர் நினைவும் ஒரே பக்கத்தில் எழுதப்படலாம். நம் முன்னோர் நாயை நினைவில் வைத்த முறையும் இதுதான். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பகுதி எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில் நட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை நிரையைக் காக்கும் சண்டையில் பட்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனுடைய உருவத்தோடு ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். வீரமுள்ள நாய், நன்றியுள்ள நாய் என்ற ஒரு சொல் அதில் இல்லை. பெயரும் செயலும் மட்டும். சுமார் 1,400 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாய் இன்ன நாய் என்று நமக்குத் தெரிகிறது. கர்நாடகத்தில் மண்டியா பக்கத்து ஆதகூரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் கல்லும் இப்படித்தான். காளி என்ற வேட்டை நாய் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் சேர்ந்தே மாண்டதை அது சொல்கிறது. அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் கோயில் பூசாரி உண்ணக்கூடாது என்று நிபந்தனையும் போட்டு, நிலமும் விட்டிருக்கிறார்கள். அந்தக் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நடைமுறையாகச் சில. பழைய தடுப்பூசி அட்டைகள் பீரோவில் கிடக்கின்றனவா என்று தேடுங்கள்; அவற்றில் தேதியும் எடையும் இருக்கும், ‘எந்த வருடம்’ என்ற வாக்குவாதம் பாதி தீர்ந்துவிடும். ஜூலியின் எடை கடைசி ஆண்டுகளில் குறைந்திருந்தால், பல்லைப் பற்றி நான் ஊகித்ததற்கும் அது ஒரு துணைச் சான்றாகும். குடும்பப் படங்களில் நாய் எங்கே நிற்கிறது, யார் காலடியில் நிற்கிறது என்று பாருங்கள். படத்துக்கு நிற்கச் சொல்லி யாரும் அதனிடம் கேட்டிருக்கமாட்டார்கள். வீட்டுக்கு வெளியே உள்ளவர்களிடமும் கேளுங்கள். பால்காரர், பக்கத்து வீட்டுப் பாட்டி, வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா ஆகியோர் பார்த்த மணி, நீங்கள் பார்த்த மணியாக இருக்க வேண்டியதில்லை. வாசலில் நின்றவரும் அடுக்களையில் நின்றவரும் ஒரே நாயின் இரண்டு பக்கங்களைப் பார்த்திருப்பார்கள். முடிந்தால் அண்ணனோடு கூடிப் பேசுவதற்கு முன் இருவரும் தனித்தனியே எழுதிவிடுங்கள். சேர்ந்து பேசினால் குரல் உயர்ந்தவருடைய நினைவே எல்லாருடைய நினைவாகவும் மாறிவிடும். அடிக்கடி சொன்ன கதை, நடந்ததை மூடிக்கொண்டு அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் 1987இல் ராணி என்ற வெள்ளை ராஜபாளையம் குட்டி வந்தது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். விருந்தாளி வந்தால் குரைக்கமாட்டாள், கண்ணில் பட்ட பிறகுதான் பாய்ந்து எழுவாள். அப்பா அவளுக்குத் திமிர் என்றார். ராஜபாளையம் ஒருவருக்குத்தான் கட்டுப்படும் என்று நானும் சேர்ந்துகொண்டேன். வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட நாய்களில், நிறமி தரும் உயிரணுக்கள் உட்காதில் இல்லாமல் போவதால், பிறந்த சில வாரங்களிலேயே செவித்திறன் அழிந்துவிடுவது உண்டு. அதை நான் வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியவன். பிறருடைய நாய்களில் அதைத் தேடியும் இருக்கிறேன். என் வீட்டு நாய்க்கு இரண்டு காதும் கேட்காது என்பது அவளுக்கு எட்டு வயதானபோது, ஒரு நாள் மதியம் அவள் முதுகுப்பக்கம் பித்தளைத் தாம்பாளம் கீழே விழுந்து உருண்டும் அவள் கண் திறக்காததைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எட்டு வருடமும் அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா வியப்படையவில்லை. காது கேட்காது என்று அவர் ஒரு போதும் சொன்னதில்லை, அப்படி நினைத்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சோறு வைக்கும்போது மற்ற எல்லாரும் ராணி, ராணி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டுவார். எந்த அறையில் இருந்தாலும் ராணி எழுந்து வருவாள். குட்டியாக வந்த முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான் தட்டினார்.